போர்டுக்காரிக்குப் போட்ட நிழல்

பெட்ரோல் பங்கில் அவளை நாலாம் நம்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாலாவது பம்பில் நிற்கிறவள் நாலாம் நம்பர், ஆறாவதில் நிற்கிறவள் ஆறாம் நம்பர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரைச் சொன்னால் சூப்பர்வைசரின் வாய் சுளுக்கிக்கொள்ளும் போலிருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, எட்டு வருஷத்தில் பழகிவிட்டது. பழகாதது வெயில்தான்.

பங்குக்கு மேலே பெரிய தகரக் கூரை உண்டு. அண்ணாந்து பார்த்தால் நல்ல கூரைதான். ஆனால் அதைப் போட்டவன் வெயில் தலைக்கு நேர் மேலேயிருந்து மட்டும்தான் வரும் என்று நினைத்துப் போட்டிருக்க வேண்டும். நாலாவது பம்பு மேற்கு ஓரத்தில், சாலையை ஒட்டி இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வெயில் குனிந்து கூரைக்கு அடியில் நுழையும். நுழைந்ததும் நேராக வந்து நாலாம் நம்பரின் இடது கன்னத்தில் உட்காரும். கீழே வெள்ளைச் சிமென்ட் தரை வேறு. அதில் பட்டுத் திரும்புகிற வெயில் மோவாய்க்கு அடியிலும் சுடும். வண்டிகளின் இன்ஜின் சூடு தனிக் கணக்கு.

முன்பெல்லாம் பங்கில் இருந்த பெண்கள் கண் மட்டும் தெரிய முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் நின்றார்கள். யாரும் சொல்லிக்கொடுத்துக் கட்டியதில்லை. சுட்டது, கட்டினார்கள். பிறகு ஒருநாள் மேலிடத்து ஆள் ஒருவன் வாடிக்கையாளர் மாதிரி வந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு போய், ஊழியர்களின் புன்னகை தெரியவில்லை என்று சொல்லிவிட்டானாம். மறுநாளே முகத்துணிக்குத் தடை. அதற்குப் பதிலாக ஆளுக்கொரு தொப்பி கொடுத்தார்கள். முன்னால் மட்டும் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் தொப்பி. பக்கத்திலிருந்து வருகிற வெயிலுக்கு அது என்ன செய்யும்? கம்பெனியின் பெயர் மட்டும் நெற்றியில் பளிச்சென்று தெரிந்தது.

இரண்டு கோடை போனதும் அவள் கன்னத்து எலும்பின் மேல் டீ சிந்திய கறை மாதிரி ஒன்று வந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. மூக்குக்குப் போனது, மேலுதட்டுக்கு இறங்கியது. இரண்டு பக்கமும்தான் வந்தது. ஆனால் இடது பக்கம் அப்பியது போல அடர்த்தியாக இருந்தது. மங்கு என்றார்கள். பெயர் தெரிந்ததும் ஆளாளுக்கு டாக்டராகிவிட்டார்கள். ஒருத்தி கல்லீரல் கோளாறு என்றாள். இன்னொருத்தி ரத்தம் கெட்டிருக்கிறது என்றாள். காற்றடிக்க வந்த ஆட்டோக்காரர்கூட எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கச் சொல்லிவிட்டுப் போனார். சூப்பர்வைசர் மட்டும் தீர்மானமாகச் சொன்னார்.

"உடம்பு சூடும்மா உனக்கு. நல்லாத் தூங்கறதில்ல, நேரத்துக்குச் சாப்பிடறதில்ல. அப்புறம் எப்படி மூஞ்சி வெளங்கும்?"

"வெயில்ல நிக்கிறேனே சார்."

"நானுந்தான் வெயில்ல வர்றேன். எனக்கு வந்திருக்கா?"

அவர் வெயிலில் வருவது பைக்கை நிறுத்திவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போகிற தூரம் மட்டும். உள்ளே ஏசி. இதைச் சொன்னால் வாயாடி என்பார்.

அப்படிச் சொன்னவரே ஒரு வழியும் சொன்னார். அவருடைய மச்சான் மருந்துக்கடை வைத்திருந்தான். அங்கே போய்ச் சொன்னால் ஒரு க்ரீம் தருவான், பத்து நாளில் முகம் பளிங்காகிவிடும் என்றார். துணி கட்டாதே என்றவரும் இவர்தான், க்ரீம் வாங்கு என்றவரும் இவர்தான். அப்போது அவளுக்கு அது உறைக்கவில்லை. மச்சானும் டாக்டர் சீட்டு கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. மிட்டாய் தருகிற மாதிரி ஒரு ட்யூபை எடுத்துத் தந்தான்.

வேலை செய்தது. அதுதான் வயிற்றெரிச்சல், வேலை செய்தது. ஒரு மாதத்தில் கறை மங்கி முகம் வெளுத்தது. ஆறாம் நம்பர் அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கீங்க" என்றாள். அந்த ட்யூப் தீர, அடுத்தது வாங்கினாள். அதற்கடுத்தது. மழைக்காலம் போய் வெயில் திரும்பி வந்தது. முகம் எரிய ஆரம்பித்தது. அடுப்பருகே நின்றால் எரிந்தது, வெறும் தண்ணீர் பட்டால் எரிந்தது. கன்னத்தில் சிவப்பாக நூல் நூலாக நரம்பு தெரிந்தது. க்ரீமை நான்கு நாள் நிறுத்திப் பார்த்தாள். போன மங்கு கூட்டாளியையும் அழைத்துக்கொண்டு திரும்பி வந்தது. பயந்து மறுபடி போட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் வீட்டில் ட்யூப் சீக்கிரம் சீக்கிரமாகத் தீருவதைக் கவனித்தாள். குளியலறைக் கண்ணாடியின் முன்னால் மகளைக் கையும் களவுமாகப் பிடித்தாள். கல்லூரிக்குப் போகிற பெண். முகத்தில் மங்கின் சாயல்கூட இல்லை.

"ஒனக்கு என்னடி வந்துச்சு? எதுக்கு இதப் பூசுற?"

"எனக்கு ஒண்ணும் வரலம்மா."

"அப்புறம்?"

"வர்றதுக்கு முன்னாடியே தடுத்துக்கலாம்னுதான். ஒன் மூஞ்சி மாதிரி ஆயிடுச்சுன்னா?"

அவளுக்குக் கை ஓங்கிவிட்டது. ஓங்கிய கை அப்படியே நின்றது. மகள் முகத்தில் நெற்றியோரமாகச் சின்னச் சின்னதாய்ப் பருக்கள், மூக்கருகே சிவப்பு. கையை இறக்கி ட்யூபைப் பிடுங்கிக்கொண்டாள். தனக்கென்றால் இன்னும் ஒரு வருஷம் ஆஸ்பத்திரிப் பக்கம் போயிருக்க மாட்டாள். மறுநாளே ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும் என்று மகளை இழுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

தோல் டாக்டரம்மா மகளைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான்.

"இவளுக்குப் பயப்பட ஒண்ணுமில்ல. இன்னையோட நிறுத்திட்டா சரியாயிடும். நீங்க இப்படி ஜன்னல் பக்கம் வாங்க."

"நான் இவளுக்காகத்தான் டாக்டர் வந்தேன்."

"தெரியுது. வாங்க. எத்தன மாசமா போடுறீங்க? யாரு எழுதிக் குடுத்தா?"

"யாரும் எழுதல. கடையில குடுத்தாங்க."

டாக்டரம்மா அவள் கொண்டுவந்த ட்யூபை விரல் நுனியால் மேசையில் தள்ளி வைத்தார். அவர் முகம் கடுகடுத்தது.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு. டாக்டர் பாத்து, இத்தன நாள்தான்னு அளந்து குடுக்க வேண்டியது. மாசக்கணக்காப் போட்டா தோல் மெலிஞ்சு வெங்காயச் சருகு மாதிரி ஆயிடும். அந்தத் தோல் மேல மறுபடியும் வெயில் பட்டா மங்கு முன்னவிட கறுப்பாத்தான் வரும். வேற மாத்திர ஏதாச்சும் சாப்பிடுறீங்களா? கர்ப்பத் தடை மாத்திர?"

"இல்ல டாக்டர்."

"சில பேருக்கு அதனாலயும் வரும். புள்ள உண்டானப்ப வரும், பரம்பரையா வரும். ஆனா ஒங்களுக்கு ஒரு பக்கம் இவ்வளவு தூக்கலா இருக்கே. எங்க வேல பாக்குறீங்க?"

சொன்னாள். மேற்கு ஓரம், வெள்ளைத் தரை, நாக்கு நீட்டின தொப்பி எல்லாவற்றையும் சொன்னாள்.

"சரி. நான் வேற மருந்து தர்றேன். இந்தப் பழைய க்ரீம விட்டா கொஞ்ச நாள் எரியும், செவக்கும். பயந்து திரும்பப் போட்டுறாதீங்க, என்கிட்ட வாங்க. அப்புறம் சன்ஸ்க்ரீன். ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், காது, கழுத்து எல்லாம் போடணும். வேர்வையில கரைஞ்சிடும், அதனால ரெண்டு மணிக்கொருக்கா திரும்பப் போடணும். தேய்க்கிறது, சொரண்டுறது, எலுமிச்சம்பழம் எதுவும் கூடாது. அத விட முக்கியம் நிழல். மத்தியானத்துல வெயில்ல நிக்காதீங்க."

"அப்ப பெட்ரோல் யாரு டாக்டர் போடுவா?"

"துணியாவது கட்டிக்கங்க."

"கட்ட விட மாட்டாங்க. சிரிப்பு தெரியணுமாம்."

"யாரு சிரிப்பு?"

"எங்க சிரிப்புத்தான்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். பிறகு, "முழுசாப் போகும்னு பொய் சொல்ல மாட்டேன். கொறையும். ஆனா நிழல் இல்லாம எந்த மருந்தும் நிக்காது" என்றார்.

சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். அவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். குழாயடியில் உட்கார்ந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரிக்குப் போவாங்க? இந்தா, என் கையப் பாரு."

வலது கையை நீட்டினார். லாரி ஜன்னலில் வைத்தே பழகிய கை. முழங்கை வரைக்கும் கரி. இடது கை வேறு யாருடையதோ மாதிரி வெளுப்பு.

"நான் எந்த டாக்டர்கிட்ட போனேன்?"

"ஒங்க கையப் பாத்து யாராச்சும் கல்லீரல் கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்களா? ஒங்க மொதலாளி இந்தக் கையோட ஸ்டீயரிங்கப் புடிக்காதேன்னு சொன்னாரா? என்னையச் சொல்றாங்க. மூஞ்சி பாக்கச் சகிக்கல, வாடிக்கக்காரங்க மொகஞ்சுளிக்கிறாங்க, அடுத்த மாசத்துலேர்ந்து பின்னாடி போ, கக்கூசக் கழுவுங்கறாங்க. சம்பளத்துலயும் கொறைப்பாங்களாம்."

அவர் கழுவுவதை நிறுத்தினார். இது அவருக்குத் தெரியாது.

"யாரு சொன்னா?"

"வேற யாரு, சூப்பர்வைசர்தான். மூஞ்சிய மூடாதேன்னாங்க. மூடாததால கெட்டுப்போச்சு. இப்பக் கெட்டுப்போன மூஞ்சியக் காட்டாதேங்குறாங்க. நான் என்னங்க பண்றது, மூஞ்சியக் கழட்டி வீட்டுல வெச்சிட்டுப் போகவா?"

மகள் சோற்றுப் பானையோடு வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பருப்பும் பொரித்த முட்டையும். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சன்ஸ்க்ரீன் வாங்கியாயிற்று. ஆனால் பங்கில் அதைப் போடுவது பெரும்பாடு. கையெல்லாம் பெட்ரோல். அந்தக் கையால் முகத்தைத் தொட்டால் எரிந்து செத்தோம். வியர்வையைக்கூட அவர்கள் மணிக்கட்டின் பின்புறத்தால்தான் துடைப்பார்கள். அதனால் ஆறாம் நம்பர் ஒரு வழி கண்டுபிடித்தாள். சாப்பிடப் போகிறவளோ டீ குடிக்கப் போகிறவளோ கையைக் கழுவுவாள் இல்லையா? அவள் திரும்பி வரும்போது மற்றவளுக்குப் பூசிவிட்டுத்தான் பம்பைத் தொடவேண்டும். நாலாம் நம்பர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குழந்தை மாதிரி முகத்தைக் காட்டுவாள். ஆறாம் நம்பர் காது மடல் வரைக்கும் பூசிவிடுவாள். பெட்ரோல் போட வந்தவர்கள் ஏதோ நாடகத்துக்கு வேஷம் கட்டுகிறார்கள் என்று பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

மாதக் கடைசியில் முதலாளி வந்தார். கார் நேராகச் சாலையோரத்தில் போய் நின்றது. அங்கே, நாலாவது பம்புக்குப் பத்தடி தள்ளி, ஒரு பெரிய விளம்பர போர்டு நின்றது. அதில் ஒரு பெண். கையில் பெட்ரோல் குழாய், வாய் கொள்ளாத சிரிப்பு. பங்கில் யாரும் அப்படி ஒரு பெண்ணைப் பார்த்ததில்லை, போர்டுக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். மாட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கன்னத்துச் சிவப்பெல்லாம் போய் முகம் நீலம் பாரித்து, அங்கங்கே திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது.

முதலாளி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றார்.

"என்னய்யா இது, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?"

"மை மட்டமோ என்னமோ சார்..."

"மையாவது மண்ணாவது. வெயில்தான்யா, வேறென்ன? மேக்கு வெயிலு மூஞ்சியில அறையுதே, தெரியல? இந்த வெயிலுக்கு எதுய்யா தாங்கும்? புதுசு பண்ணச் சொல்லு. மொதல்ல மேல ஒரு படுதா கட்டு, நிழல் விழற மாதிரி. இல்லன்னா வருஷா வருஷம் இதே கூத்துத்தான்."

நாலாம் நம்பர் கையில் குழாயோடு அப்படியே நின்றாள். ஒரு பார்வை பார்த்தார், ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார். போர்டுக்காரிக்குக் கல்லீரல் கெட்டிருக்கிறதா, ராத்திரி தூங்கினாளா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவளைப் பின்னால் கொண்டுபோய்க் கக்கூஸ் பக்கம் மாட்டு என்றும் சொல்லவில்லை. நிழல் போடு என்றார்கள். பத்தடி தூரம்தான் இருவருக்கும். அதே வெயில். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு நாளில் புது போர்டு வந்தது. அன்று மத்தியானமே படுதா கட்டுகிற ஆள் ஏணி, கம்பம், கயிற்றோடு வந்து வேலையை ஆரம்பித்தான். முதல் கம்பத்தை நட்டு அவன் துணியை உதறிப் பிடித்தபோது போர்டுக்காரியின் முகத்தில் குளுகுளுவென்று நிழல் விழுந்தது. நாலாம் நம்பர் அதைப் பார்த்தாள். குழாயைக் கொக்கியில் மாட்டினாள். பையிலிருந்து துப்பட்டாவை எடுத்து, கண் மட்டும் தெரியும்படி சுற்றி, பின்னால் இறுக்கி முடிந்தாள். பிறகு குழாயை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றாள்.

கண்ணாடிக் கதவு திறந்தது.

"ஏய், நாலாம் நம்பர்! என்ன வேஷம் இது? அவுரு!"

"அவுக்க மாட்டேன் சார்."

"என்னது?"

"மாட்டேன்னேன். அந்தத் துணி அவுந்தா இதுவும் அவுரும்." படுதாவைக் காட்டினாள்.

"அதுவும் நீயும் ஒண்ணா? திமிரா ஒனக்கு? நாளையிலேர்ந்து பின்னாடி போகப்போறவளுக்கு வாயப் பாரு!"

"பின்னாடியும் போக மாட்டேன். எதுக்குப் போகணும்? நான் என்ன தப்புப் பண்ணேன்? நீங்க நிக்கச் சொன்ன எடத்துல நின்னேன், தொறக்கச் சொன்ன மூஞ்சியத் தொறந்தேன். நீங்க காட்டுன கடையில மருந்து வாங்கி என் மூஞ்சியும் வெந்து, என் பொண்ணு மூஞ்சியும் வேக இருந்துச்சு. ஒங்க மச்சான் இன்னும் எத்தன பேருக்கு அதக் குடுத்துருக்கான்? துணிய மீறி எம்மேல ஒரு சொட்டு வெயில் பட்டாலும் இனிமே நான் பொறுக்க மாட்டேன் சார்!"

இவ்வளவு சத்தமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை, அவளே கேட்டதில்லை. வரிசையில் நின்ற பைக்குகளெல்லாம் திரும்பிப் பார்த்தன. அங்கே ஆறாம் நம்பரும் துணியை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டார்.

முதலாளி வந்து சேர்வதற்குள் தண்ணீர் லாரி வந்துவிட்டது. பங்குத் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவருவது அவள் புருஷன்தான். எப்போதும் பின்பக்கம் போகிற லாரி சாலையிலேயே நின்றது. அவர் ஜன்னலில் கையை வைத்தபடி எல்லாவற்றையும் பார்த்தார். போர்டைப் பார்த்தார். படுதாவைப் பார்த்தார். பெண்டாட்டியின் கண்களைப் பார்த்தார், அவை மட்டும்தான் தெரிந்தன. லாரியை வளைத்து, போர்டுக்கு முன்னால், சாலையோரமாக ஒட்டி நிறுத்தி, இன்ஜினை அணைத்தார்.

தொட்டி லாரியின் நிழல் நீளமாக விழுந்தது. நாலாவது பம்பு, அவள், அவள் முன்னால் நின்ற பைக் எல்லாம் நிழலுக்குள் வந்துவிட்டன. எட்டு வருஷத்தில் அந்த நேரத்தில் அந்த இடத்தில் அவள் நிழலைப் பார்த்ததில்லை. சாலையில் போகிற யாருக்கும் போர்டு தெரியவில்லை. பங்குக்குள் நுழைகிற வழியும் பாதி அடைபட்டுவிட்டது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.

முதலாளி காரை விட்டு இறங்கும்போதே கத்தினார்.

"யார்யா லாரிய இங்க நிறுத்துனது? போர்டு மறைக்குது! எடுய்யா!"

புருஷன் இறங்கவில்லை. கரிபிடித்த கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"போர்டு மேல வெயில் படக்கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்களாம்? இப்பப் படல பாருங்க."

"வெளையாடுறியா? எடு வண்டிய!"

"அது என் பெண்டாட்டி சார். அவங்களுக்கு நிழல் வந்தா எடுத்துடறேன்."

முதலாளி அவளிடம் திரும்பினார். "ஒனக்கு என்னம்மா வேணும்? துணிதான? கட்டிக்க, போ. லாரிய எடுக்கச் சொல்லு."

"துணி பத்தாது சார். நெழலு வேணும்." அவள் குழாயை விடாமல் போர்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "அந்தப் படுதாவ இங்க கட்டுங்க. அவ மூஞ்சி போனா நீங்க வேற மூஞ்சி அடிச்சுக்குவீங்க. எனக்கு எவன் அடிச்சுத் தருவான்?"

முதலாளி வாயைத் திறந்தார். ஹாரன் சத்தத்தில் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. வரிசை சாலை வரைக்கும் நீண்டிருந்தது. இரண்டு பைக்குகள் திரும்பி எதிர்ப்பக்கத்துப் பங்குக்குப் போவதைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கையை உதறினார்.

"கட்டித் தொலைங்கய்யா!"

ஏணி மேலிருந்த ஆள், "எங்க சார், போர்டுலயா?" என்றான்.

"அங்க இல்ல, இங்க! நாலாவது பம்புல கட்டு!"

படுதா பம்பின் மேற்குப் பக்கம் கட்டி முடிகிற வரைக்கும் லாரி நகரவில்லை. முடிந்ததும் புருஷன் இன்ஜினைக் கிளப்பிப் பின்பக்கம் கொண்டுபோனார். போகும்போது அவளைப் பார்க்கவில்லை. அவருக்கு வெட்கம். லாரி நகர்ந்ததும் வெயில் போர்டுக்காரியின் புது முகத்தில் அறைந்தது. அவள் சிரித்துக்கொண்டே நின்றாள்.

நாலாம் நம்பரைக் கக்கூஸ் பக்கம் போகச் சொல்ல அதற்குப் பிறகு சூப்பர்வைசருக்கு வாய் வரவில்லை. கண்ணாடிக் கதவருகே நின்று முறைத்துக்கொண்டிருந்தார். வரிசையில் முதலில் நின்ற பைக்குக்காரர் மூடியைத் திறந்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஆள் கெட்டவரில்லை, விசாரிக்கிற சுபாவம்.

"ஏம்மா, மொகத்துக்கு என்ன? ஏதும் வியாதியா?"

அவள் சூப்பர்வைசருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"வெயில்தான் சார், வேறென்ன? ஜீரோ பாத்துக்கங்க."